பூட்டு உடையவில்லை, சரக்கு போய்விட்டது: ஒரு ரப்பர் ஷீட் கடையின் இன்சூரன்ஸ் அனுபவம்

கன்னியாகுமரி மாவட்டத்தில் குலசேகரத்துக்கும் அருமனைக்கும் நடுவே ரோட்டோரமாக எங்களுக்கு ஒரு ரப்பர் ஷீட் கடை இருக்கிறது. மாமனார் தொடங்கியது. கணவர் மஸ்கட்டில் இருப்பதால் பத்து வருடமாக நான்தான் பார்த்துக்கொள்கிறேன். சுற்றுவட்டாரத்தில் அரை ஏக்கர், ஒரு ஏக்கர் ரப்பர் வைத்திருக்கும் முப்பது நாற்பது பேர் ஷீட் கொண்டுவந்து போடுவார்கள். எடை பார்த்து, துண்டுச் சீட்டில் எழுதிப் பணம் கொடுப்பேன். ஈரம் நிற்கிற ஷீட்டைப் புகைப்புரையில் ஏற்றி உலர்த்தி, தரம் பிரித்து, கட்டாகக் கட்டி லாரியில் கோட்டயத்துக்கு அனுப்புவேன்.

2024 ஆகஸ்டில் கோட்டயம் விலை கிலோ 247 ரூபாய் வரை ஏறியது. 2011இல் தொட்ட 243ஐயும் தாண்டிய விலை. பத்து வருடம் வாடிக் கிடந்த ஊர் நிமிர்ந்தது. அதே நேரத்தில் தோட்டங்களில் காயப் போட்ட ஷீட்டும், மரத்தில் உறைந்து நிற்கும் ஒட்டுப்பாலும் காணாமல் போகத் தொடங்கின. என் கடையில் களவு போனது அந்த மாதம் இரண்டாவது சனிக்கிழமை இரவு.

ஞாயிறு விடிகாலையில் ரப்பர் மரத்தில் பால் வெட்டப் போன அண்ணன் ஒருவர் எங்கள் கடையின் பின்பக்கக் கூரையில் ஓடுகள் விலகிக் கிடப்பதைப் பார்த்திருக்கிறார். நல்ல மழை. உள்ளே ஷீட் நனைந்துகொண்டிருந்தது. அவர் ஏணி வைத்து ஏறி, விலகிய ஓடுகளைத் திரும்ப அடுக்கி, மேலே தார்ப்பாயும் விரித்துவிட்டு எனக்கு போன் செய்தார். "மக்களே, கள்ளன் கேறியிருக்கான். ஷீட்டு நனஞ்சா பூசணம் பிடிச்சிரும்லா, அதான் ஓட்ட அடுக்கி வச்சேன்" என்றார். என் சரக்கைத் தன் சரக்காக நினைத்துச் செய்த காரியம். அடுத்த நாலு மாதம் எனக்கு வந்த சிக்கல் முழுக்க அந்த ஓடுகளிலிருந்துதான் வந்தது.

நான் போய்ப் பார்த்தபோது முன் ஷட்டர் பூட்டியபடியே இருந்தது. பூட்டில் ஒரு கீறல்கூட இல்லை. உள்ளே பின்சுவர் ஓரம் அடுக்கியிருந்த கட்டுகள் இல்லை. மேஜை டிராயரில் வைத்திருந்த 18,000 ரூபாயும் இல்லை. கை நடுங்க ஸ்டேஷனுக்குப் போனேன். எவ்வளவு போயிருக்கும் என்று கேட்டார்கள். "ஒரு டன் இருக்கும் சார்" என்று சொல்லிவிட்டேன். எண்ணிப் பார்க்கவில்லை, எடை போடவில்லை, பதற்றத்தில் வாயில் வந்த கணக்கு. எழுதிக் கொடுத்த மனுவில் "கடையில் இருந்த ஒரு டன் ரப்பர் ஷீட்டும் பணமும் திருட்டுப் போய்விட்டது" என்று மட்டும் எழுதினேன். கூரையைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.

இந்த இடத்தில் நிறுத்திச் சொல்ல வேண்டியது இருக்கிறது. நம் பேச்சில் எல்லாமே களவுதான். இன்சூரன்ஸ்காரர்களுக்கு அப்படி இல்லை. பர்க்ளரி பாலிசி என்று நாம் எடுப்பது, உடைத்துக்கொண்டு உள்ளே வந்தோ உடைத்துக்கொண்டு வெளியே போயோ எடுத்த பொருளுக்குத்தான் பணம் தரும். பழைய தமிழில் கன்னம் வைத்துத் திருடுவது என்றார்களே, அதுதான் பர்க்ளரி. திறந்த கடையில் ஒருவர் எடுத்துக்கொண்டு நழுவிப் போனாலோ, வேலைக்கு நின்றவர் சாவி போட்டுத் திறந்து எடுத்தாலோ சாதாரண பர்க்ளரி பாலிசியில் வராது. உடைத்த அடையாளம் இல்லாமல் இந்தப் பாலிசியில் பணம் கேட்க முடியாது என்று உச்ச நீதிமன்றமே 2004இல் ஒரு வழக்கில் சொல்லியிருக்கிறது. ஆகவே என்ன போனது என்று சொல்வதற்கு முன்னால், எந்த வழியாக, எதை உடைத்து வந்தார்கள் என்று மனுவில் எழுத வேண்டும். நான் அதைத்தான் விட்டேன்.

ஸ்டேஷனில் முதலில் சிஎஸ்ஆர் ரசீதுதான் தந்தார்கள். "இப்போ இது போதும்க்கா, எஃப்ஐஆர் பிறகு போட்டுக்கிடலாம்" என்றார்கள். சிஎஸ்ஆர் என்பது மனு வாங்கியதற்கான ரசீது. இன்சூரன்ஸுக்கு எஃப்ஐஆர் வேண்டும். அதன் நகலை மனு கொடுத்தவருக்கு இலவசமாகத் தர வேண்டும் என்று சட்டமே சொல்கிறது. பதிவு செய்ய மறுத்தால் எஸ்பிக்குத் தபாலில் அனுப்பலாம். எனக்கு அந்த அளவுக்குப் போகவில்லை, மறுநாள் மாலை எஃப்ஐஆர் கிடைத்தது. ஆனால் அதில் 305ஆம் பிரிவு மட்டும்தான் இருந்தது.

2024 ஜூலை 1 முதல் இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதில் பாரதிய நியாய சன்ஹிதா வந்துவிட்டது. ஸ்டேஷனில் இன்னமும் பலர் வாயில் 457, 380 என்ற பழைய எண்கள்தான் வரும். 380க்குப் பதிலாக வந்தது 305, அதாவது வீட்டிலோ பொருள் வைக்கும் கட்டடத்திலோ திருடுவது. 457க்குப் பதிலாக வந்தது 331இன் நாலாவது உட்பிரிவு, இரவில் உடைத்து நுழைவது. இன்சூரன்ஸ் பார்வையில் இந்த இரண்டாவதுதான் உயிர். எஃப்ஐஆரில் வெறும் 305 இருந்தால், வாசிப்பவருக்கு அது வெறும் திருட்டு.

இதெல்லாம் அன்றைக்கு எனக்குத் தெரியாது. நஷ்டத்தை மதிப்பிட இன்சூரன்ஸ் கம்பெனி அனுப்பும் சர்வேயர் வந்து கேட்டபிறகுதான் தெரிந்தது.

அதற்கு முன் பாலிசி எங்கே என்று தேடிய கதை. கடைக்கு சிசி லோன், அதாவது சரக்கின்பேரில் வங்கி தரும் கேஷ் கிரெடிட் கடன் இருக்கிறது. பாலிசியை எடுத்ததும் வங்கி, வைத்திருப்பதும் வங்கி. பிரீமியம் கணக்கிலிருந்து பிடிப்பார்கள், குறுஞ்செய்தி வரும், அவ்வளவுதான் எனக்குத் தெரியும். ஞாயிறு வங்கி இல்லை. திங்கள் காலை வாசலில் போய் நின்று நகல் வாங்கி, உடனே இன்சூரன்ஸ் கம்பெனியின் இலவச எண்ணில் சொல்லி, மின்னஞ்சலும் அனுப்பி, கிளெய்ம் எண் வாங்கினேன். லோன் வாங்கிய கடைக்காரர்கள் தயவுசெய்து இன்றைக்கே பாலிசி நகலை வாங்கிப் பாருங்கள். சில இடங்களில் தீ விபத்துக்கு மட்டும் எடுத்துவிட்டு விட்டுவிடுவார்கள். எனக்கு பர்க்ளரியும் இருந்தது, ஐந்து லட்சத்துக்கு. பணம் என்று வந்த இடத்தில் "பூட்டிய பெட்டகத்தில் இருந்தால் மட்டும்" என்று போட்டிருந்தது. டிராயரில் வைத்த 18,000 அங்கேயே போனது.

தகவல் சொல்ல ஒன்றிரண்டு நாள் தாமதமாகிவிட்டால் பயப்படாதீர்கள். போலீசுக்கு உடனே சொல்லியிருந்தால், கம்பெனிக்குச் சொல்லத் தாமதம் என்ற ஒரே காரணத்தால் நியாயமான கிளெய்மைத் தள்ளக் கூடாது என்று 2020இல் வாகனத் திருட்டு வழக்கு ஒன்றில் உச்ச நீதிமன்றம் சொன்னது. அதை நம்பி மெத்தனமாக இருக்கவும் வேண்டாம்.

சர்வேயர் செவ்வாய்க்கிழமை வந்தார். வருவதற்கு முன் போனில் அவர் சொன்ன ஒரு வார்த்தைக்கு இன்றும் நன்றி சொல்வேன். "நான் வருகிறவரை ஒரு கிலோகூட வாங்காதீர்கள், விற்காதீர்கள்." இரண்டு நாள் கடையை மூடினேன். ஷீட் கொண்டு வந்தவர்களைத் திருப்பி அனுப்புவது கஷ்டமாக இருந்தது, மழைக்காலத்தில் அவர்களுக்கும் வைக்க இடம் கிடையாது.

வந்தவர் கடையைச் சுற்றி நடந்தார். ஷட்டரைப் பார்த்தார், பூட்டைப் பார்த்தார். பிறகு கேட்டார், "கள்ளன் எது வழியா வந்தான் மேடம்?" கூரையைக் காட்டினேன். கூரை நன்றாக இருந்தது. ஓடுகள் வரிசையாக இருந்தன. "இதில் உடைத்த அடையாளம் எங்கே?" என்றார். எனக்கு நெஞ்சு அடைத்தது. மனிதர் கெட்டவர் இல்லை. அவர் கண்ணால் கண்டதைத்தான் எழுத முடியும். பத்து நாள் கழித்து கம்பெனியிலிருந்து கடிதம் வந்தது. பலவந்தமாக நுழைந்தது நிரூபணமாகவில்லை, விளக்கம் தரவும்.

அன்று இரவு தூக்கம் இல்லை. மறுநாள் எதிர்த்த டீக்கடை அக்காவிடம் புலம்பிக்கொண்டிருந்தபோது அவர் மகன், பிளஸ் ஒன் படிக்கிற பையன், "அத்தே, நான் அண்ணைக்கே போட்டோ எடுத்தேனே" என்றான். ஸ்டேட்டஸில் போடுவதற்காக, அண்ணன் ஏணியில் ஏறுவதற்கு முன்னால், விலகிய ஓடுகளோடு கூரையை எடுத்திருந்தான். மூன்று படம். ஒன்றில் ஓட்டைத் தாங்கும் ரீப்பர் கட்டை ஒடிந்து தொங்குவது தெளிவாகத் தெரிந்தது. வாட்ஸப்பில் வாங்கினால் படம் எடுத்த நேரமும் தேதியும் அழிந்துவிடும் என்று அவனே சொன்னான். அதனால் மூலப் படத்தை அவன் போனிலிருந்து மின்னஞ்சலில் ஃபைலாகவே அனுப்ப வைத்தேன். அதில் ஞாயிறு காலை 5.52 என்று இருந்தது.

அடுத்து ஸ்டேஷன். களவு நடந்த இடத்தை போலீசார் பார்த்து கண்டதை எழுதும் பார்வை மகஜரும் மாதிரி வரைபடமும் தயாரித்திருப்பார்கள் என்று சர்வேயர் சொல்லித்தான் தெரிந்தது. ஞாயிறு மதியம் வந்த ஏட்டு உள்ளே நின்று மேலே பார்த்து, பின்பக்கம் ரீப்பர் இரண்டு ஒடிந்திருப்பதாகவும் சுவரில் சேறு படிந்த கால் தடம் இருப்பதாகவும் அந்த மகஜரில் எழுதியிருந்தார். ஓடு அடுக்கியிருந்தாலும் ரீப்பர் ஒடிந்ததை மாற்ற முடியவில்லையே. அந்த மனிதர் நிதானமாக அண்ணாந்து பார்த்ததுதான் என்னைக் காப்பாற்றியது. பால் வெட்டும் அண்ணன் தான் ஓடுகளை அடுக்கியதை வாக்குமூலமாகக் கொடுத்தார். நானும் கூடுதல் வாக்குமூலம் கொடுத்தேன். ஒரு டன் என்றது உத்தேசம், எடை பார்த்தபின் தெரிந்தது இவ்வளவு என்று அதில் திருத்தினேன். பிறகு 331 பிரிவையும் சேர்த்து வழக்கை மாற்றினார்கள், அதற்கான அறிக்கையின் நகலும் கிடைத்தது. இத்தனையையும் ஒரே கடிதத்தோடு இணைத்து, பதிவுத் தபாலிலும் மின்னஞ்சலிலும் அனுப்பினேன்.

உங்களுக்கு இப்படி நேர்ந்தால், மழையே பெய்தாலும் சரி, முதலில் படம் எடுங்கள். தூரத்தில் நின்று ஒன்று, கிட்டத்தில் ஒன்று, உள்ளேயிருந்து ஒன்று. அதன்பிறகு தார்ப்பாய் போடலாம். மேலும் நஷ்டம் வராமல் காப்பதும் நம் கடமைதான், பாலிசியிலேயே அப்படி எழுதியிருக்கிறது. ஆனால் உடைந்த பூட்டையும் ஒடிந்த கட்டையையும் தூக்கி எறியாதீர்கள். எங்கள் ரீப்பர் துண்டு இரண்டும் இன்னும் பரணில் இருக்கின்றன.

எவ்வளவு போனது என்பது அடுத்த கேள்வி. வழக்கமான கடையில் பில் இருக்கும். ரப்பர் கடையில் வாங்குவது விவசாயியிடம், அவர் பில் தரமாட்டார். என்னிடம் இருந்தது துண்டுச் சீட்டின் அடிக்கட்டை, மாமியார் காலத்திலிருந்து எழுதிவரும் நீள நோட்டு, விற்ற லாரிகளின் ஜிஎஸ்டி பில், ரப்பர் வாரிய லைசென்ஸுக்காக மாதாமாதம் கொடுக்கும் கணக்கு. சர்வேயர் இவற்றை வைத்து ஒரு தாளில் கணக்குப் போட்டார். மாதத் தொடக்கத்தில் இருப்பு 1,150 கிலோ. சனிக்கிழமை வரை வாங்கியது 3,400. கோட்டயத்துக்கு அனுப்பியது 1,500. அப்படியானால் இருந்திருக்க வேண்டியது 3,050. சாட்சி வைத்து நாங்கள் எடை போட்ட மிச்சம் 2,360. வித்தியாசம் 690 கிலோ.

ஒரு டன் என்று நான் சொன்னது எங்கே, 690 எங்கே. அந்த ஒரு வார்த்தைக்காக "ஏன் கூட்டிச் சொன்னீர்கள்?" என்று மூன்று முறை விளக்கம் கேட்டார்கள். நஷ்டத்தைக் கூட்டிச் சொன்னதாக நினைத்தால் முழு கிளெய்மையுமே ரத்து செய்ய பாலிசியில் இடம் உண்டு. மனுவில் அளவை எழுதாமல் "எடை பார்த்தபின் பட்டியல் தருகிறேன்" என்று எழுதுவதில் எந்தத் தப்பும் இல்லை.

690இலும் ஒரு வெட்டு விழுந்தது. ஷீட் வாங்கும்போது ஈரம் இருக்கும், புகையில் உலர்ந்தால் எடை குறையும். அது நமக்குத் தெரிந்ததுதானே, வாதிட முடியவில்லை. 50 கிலோ கழித்து 640 கிலோ என்று எழுதினார். விலை? அன்றைய கோட்டயம் விலையில் கேட்டேன். லாபத்துக்கு இன்சூரன்ஸ் கிடையாது, நீங்கள் வாங்கிய அடக்க விலைதான் என்றார். சீட்டுகளின் சராசரி 225 வந்தது. 640 கிலோவுக்கு 1,44,000 ரூபாய். இதற்கு மனம் தேறிக்கொண்டேன்.

அடுத்த அடிதான் பெரிது. ஐந்து லட்சம் என்ற காப்புத்தொகையை நிர்ணயித்தது விலை 150 ரூபாயில் கிடந்த காலத்தில். மூன்று டன் சரக்கு என்றால் அன்று நாலரை லட்சம், தாராளமாகப் போதும். ஆனால் களவு நடந்த இரவில் அதே மூன்று டன்னின் மதிப்பு 6,75,000. ஐந்து லட்சத்துக்குத்தான் பாலிசி இருந்தது. குறைவாக எடுத்த விகிதத்தில் நஷ்டஈடும் குறையும் என்று விதி. போனது காப்புத்தொகைக்குள்தானே இருக்கிறது என்று நாம் நினைப்போம், கணக்கு அப்படி இல்லை. 1,44,000ஐ ஐந்தால் பெருக்கி ஆறே முக்காலால் வகுத்தால் 1,06,667. அதில் நாமே தாங்க வேண்டிய தொகை 5,000 கழித்து, கைக்கு வந்தது 1,01,667. விலை ஏறியபோது எல்லோரோடும் சேர்ந்து நானும் சந்தோஷப்பட்டேன். பாலிசியில் ஒரு எண்ணை மாற்றச் சொல்லி வங்கிக்கு ஒரு கடிதம் எழுதியிருந்தால் நாற்பதாயிரத்துக்குக் கொஞ்சம் குறைவான தொகை மிஞ்சியிருக்கும். ரப்பர் மட்டுமல்ல, நல்லமிளகு, கிராம்பு, அண்டிப்பருப்பு (முந்திரி) வைத்திருப்பவர்களும் விலை ஏறும்போது இதைப் பாருங்கள்.

பணம் வந்தது டிசம்பர் கடைசியில், சிசி கணக்குக்கு நேராக. விதிப்படி இவ்வளவு நாள் ஆகக் கூடாது. 2024 ஜூனில் இன்சூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையமான ஐஆர்டிஏஐ வெளியிட்ட சுற்றறிக்கைப்படி தகவல் சொன்ன 24 மணி நேரத்தில் சர்வேயரை நியமிக்க வேண்டும், 15 நாளில் அவர் அறிக்கை தர வேண்டும், அது வந்த ஏழு நாளில் கம்பெனி முடிவு சொல்ல வேண்டும். நான் நவம்பரில் கம்பெனியின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு இந்த நாட்களைக் குறிப்பிட்டு எழுதிய பிறகுதான் வேகம் பிடித்தது. சர்வேயர் அறிக்கையின் நகலையும் எழுதிக் கேட்டு வாங்கினேன், கேட்டால் தர வேண்டும். அங்கே நடக்காவிட்டால் ஐஆர்டிஏஐயின் பீமா பரோசா இணையதளத்தில் புகார் போடலாம், 155255 என்ற எண்ணிலும் சொல்லலாம். கம்பெனி மறுத்தாலோ ஒரு மாதத்தில் பதில் இல்லாவிட்டாலோ சென்னையிலுள்ள இன்சூரன்ஸ் ஆம்புட்ஸ்மனிடம் (குறைதீர்ப்பாளர்) போகலாம். கட்டணம் இல்லை, வக்கீல் வேண்டாம், 50 லட்சம் வரை பார்ப்பார்கள், ஒரு வருடத்துக்குள் போக வேண்டும். நாகர்கோவிலில் மாவட்ட நுகர்வோர் ஆணையமும் இருக்கிறது, அங்கே இரண்டு வருடம் வரை அவகாசம். தொகையை ஏற்றுக் கையெழுத்துப் போட்டால் எல்லாம் முடிந்தது என்றும் நினைக்க வேண்டாம். ரசீதில் கையெழுத்திட்டதாலேயே கூடுதல் தொகை கேட்கும் உரிமை போய்விடாது என்று ஐஆர்டிஏஐ 2015லேயே சொல்லியிருக்கிறது. கமிஷனுக்குக் கிளெய்ம் முடித்துத் தருகிறேன் என்று இரண்டு பேர் வந்தார்கள். கொடுக்கவில்லை, தேவையும் இல்லை.

கடையை விட்டு வீட்டைப் பற்றியும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. நம் மாவட்டத்தில் குடும்பத்தோடு வெளிநாட்டில் இருப்பவர்களின் பூட்டிய வீடுகள் எத்தனை! வீட்டு லோனோடு பாரத் கிரஹ ரக்ஷா பாலிசி எடுத்தவர்கள் திருட்டுக்கும் சேர்த்து எடுத்ததாக நினைக்கிறார்கள். தீ, வெள்ளம் போன்ற ஒன்று நடந்து, அதனால் ஏழு நாளுக்குள் போகும் பொருளுக்குத்தான் அதில் இடம். சும்மா பூட்டை உடைத்துப் போனால் தனியாக பர்க்ளரி வேண்டும். அதை எடுத்தவர்களும் வீடு ஆளில்லாமல் எத்தனை நாள் தொடர்ந்து கிடக்கலாம் என்ற வரியைத் தேடிப் படியுங்கள், பாலிசிக்குப் பாலிசி அது மாறும். அந்த நாளைத் தாண்டினால் கம்பெனிக்கு முன்கூட்டியே எழுதிச் சம்மதம் வாங்க வேண்டும். நகையைத் தனிப் பட்டியலாக, மதிப்புச் சான்றோடு சேர்க்க வேண்டும். லாக்கரில் வைத்தால் முழுப் பொறுப்பும் வங்கிக்கு என்பதும் இல்லை. வங்கியின் கவனக்குறைவால் களவு போனால்கூட லாக்கரின் ஆண்டு வாடகையைப் போல நூறு மடங்குதான் அதன் பொறுப்பு.

பணம் வாங்கியதும் காப்புத்தொகை அந்த அளவுக்குக் குறைந்துவிடும், மீதி நாளுக்குப் பிரீமியம் கட்டி அதை நிரப்ப வேண்டும். கட்டினேன். புதுப்பிக்கும்போது எட்டு லட்சமாக்கினேன். சனிக்கிழமை சாயங்காலம் கடை அடைக்கும் முன் இருப்பை எடை பார்த்து நோட்டில் எழுதி, அந்தப் பக்கத்தைப் படம் எடுத்துக் கணவருக்கு அனுப்பிவிடுகிறேன். ஓட்டுக்கு அடியில் கம்பி வலை அடித்தாயிற்று.

கள்ளன் அகப்படவில்லை, வழக்கு நிலுவையில்தான். சரக்கு கிடைத்தால் கம்பெனிக்குத் தெரிவிப்பேன் என்று முத்திரைத்தாளில் எழுதிக் கொடுத்திருக்கிறேன். பால் வெட்டும் அண்ணன் ரொம்ப நாள் என் முகத்தைப் பார்க்கவே சங்கடப்பட்டார். "நான் ஓட்டத் தொட்டுருக்கப்பிடாது மக்களே" என்பார். அவர் ஓடு அடுக்காமல் விட்டிருந்தால் மிச்சம் 2,360 கிலோவில் பாதியாவது பூசணம் பிடித்திருக்கும், அதற்கு பர்க்ளரி பாலிசியில் நான் யாரிடம் போய்க் கேட்பது என்று சொன்னேன். இப்போதும் விடிகாலையில் தோட்டத்துக்கு இறங்கும் முன் நெற்றி லைட்டை என் கூரைப் பக்கம் திருப்பி ஒருமுறை அடித்துப் பார்த்துவிட்டுத்தான் போகிறார்.